பதிவேட்டில் ஏறாதவை

தொட்டி வைத்தது முதலாளி யோசனை. வாஸ்து.
வடகிழக்கு மூலையில் லிஃப்ட் இருந்ததால்
சாவிப் பலகைக்குக் கீழே வைத்தோம்.

வாலிஸ்நேரியா ஒரு கட்டு,
ரப்பர் பேண்டு போட்டு, கீரை மாதிரி கொடுத்தார் இம்தியாஸ்.
பெர்மாங்கனேட் கரைசலில் முக்கி எடுங்கள் என்றார்.
அன்றைக்குக் காட்பாடியில் ஹவுரா ரயில் ஆறு மணி நேரம் தாமதம்,
பதினோரு அறைக்கும் ஒரே நேரத்தில் ஆள்.
குழாயில் அலசி நட்டுவிட்டேன்.

மூன்றாம் வாரம்
கண்ணாடியில் ஒரு கடுகு நகர்ந்தது.

ஒன்றுதானே என்று விட்டேன்.
தோட்டப்பாளையத்தில் ஒன்பது வருடம் லாட்ஜ் பார்த்தவன்
அப்படி விட்டிருக்கக் கூடாது.
ஒரு நாள் செக்கப் என்றுதான் எல்லாரும் வருகிறார்கள்.
மூன்றாம் நாள் குக்கர் வாங்குகிறார்கள்.
பத்தாம் நாள் மொட்டைமாடிக் கொடியில் இடமில்லை.

கடுகு மிளகாயிற்று.
இலையடியில் ஜவ்வாக ஒரு பொட்டு,
அதற்குள் ஊசிமுனைப் புள்ளிகள்.
டார்ச் அடித்து எண்ணினேன்.
ஆதார் நகல் இல்லாமல், அட்வான்ஸ் இல்லாமல்
ஒரே இரவில் இருபத்தேழு பேர்.

மொத்தமாகத் தண்ணீரை மாற்றலாமென்றால் சித்திரை.
டேங்கர் வந்து நாலு நாள்,
பாலத்துக்குக் கீழே பாலாறு மணலாகக் கிடக்கிறது.
இம்தியாஸ் சொன்னார்:
காப்பர் மருந்து இருக்கு. நத்தை சாகும்.
உங்க இறாலும் சாகும், அப்புறம் என்னைக் கேக்கக் கூடாது.
இருபது மருந்துக்கடை உள்ள தெருவில் நின்று
மருந்து வேண்டாம் என்றேன்.

204 ஷிபானி, பாங்குரா.
கணவருக்கு ரத்தத்தில் ஏதோ. அன்று தொண்ணூற்றோராம் நாள்.
தொட்டியைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தாள்.
'குக்லி' என்றாள்.
மார்க்கெட்டில் கற்ற தமிழில்,
'அண்ணா, இது குழம்பு. கண்ணுக்கு நல்லது.'
எங்கள் பக்கமும் வயல் நத்தை தின்பதுண்டு, மூலத்துக்கு.
அதை எப்படி ஜாடையில் சொல்வது?
ஆமாம் ஆமாம் என்று மட்டும் தலையாட்டினேன்.

இரவு பதினொன்றுக்கு
வெள்ளரித் துண்டு ஒன்றை முள்கரண்டியில் குத்தி இறக்குவாள்.
விடியுமுன் தூக்கினால் மொய்த்திருக்கும்.
அவள் மொழியில் அவள் எண்ணுவாள்,
பழைய பதிவேட்டின் பின்பக்கத்தில் நான் எழுதுவேன்.
41. 38. 52.
கோட்டை அகழியில் கொட்டலாமா என்றதற்கு
அகழி என்ன பாவம் பண்ணிச்சு என்றார் இம்தியாஸ்.
தட்டில் பரப்பி மாடியில் வைத்தேன்.
வேலூர் வெயில் பார்த்துக்கொண்டது.

60. 57. 66.

ஒரு மத்தியானம் சிசிடிவியை ஓட்டிப் பார்த்தேன்.

2.10. 302, லுங்கியில் இறங்கி வருகிறார்.
டப்பா திறந்து ஒரு சிட்டிகை தீவனம்.
நாற்காலியில் உட்கார்ந்து மீனைப் பார்க்கிறார்.
2.45. 110 அம்மா, ரஸ்க்கைப் பொடித்துத் தூவுகிறார்.
3.20. யாரோ, முகம் தெரியவில்லை, ஒரு சிட்டிகை.
4.05. ஷிபானி.
வெள்ளரி தொங்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே
அவளும் ஒரு சிட்டிகை.

மீன் மொத்தம் ஐந்து.
யாருக்கும் மற்றவர் போட்டது தெரியாது.
மீன் விட்டது மண்ணில் இறங்கி
ஓடு கட்டிக்கொண்டு ஏறி வருகிறது.

டப்பாவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.
அன்று 2.10க்கு
302 அலமாரியைத் தடவிப் பார்த்தார்.
தொட்டியின் மூடியைத் துடைத்தார், துண்டால்,
அழுக்கே இல்லாத மூடியை.
உட்காராமல் மாடியேறிப் போனார்.

காலையில் டப்பாவைத் திரும்ப வெளியே வைத்தேன்.
தினமும் சாயங்காலம் நான்தான் நிரப்புகிறேன்,
அடியில் கொஞ்சம்,
நாலு சிட்டிகைக்கு மட்டும்.

இப்போது பத்தொன்பது, இருபது.
அதற்குக் கீழே இறங்கவில்லை, விட்டுவிட்டேன்.
பாசியையாவது தின்னட்டும்.

204 சாவி வியாழக்கிழமை பலகைக்கு வந்தது.
தம்பி ஒருவர் வந்து கணக்கு முடித்தார்,
நான் எதுவும் கேட்கவில்லை.
முள்கரண்டி இங்கேயே இருக்கிறது.
வெள்ளரி வாங்க நான் போகிறேன்,
கிலோ நாற்பது.